தேனுவின் வண்டிக்குப் போட்ட பலகை

என் நாய் தேனுவுக்கு 12 வயது. எடை 18 கிலோ. பின்னங்கால்களின் இடுப்பு மூட்டு இரண்டிலும் தேய்மானம், இடது முழங்காலிலும் கொஞ்சம். எக்ஸ்ரே பார்த்த கால்நடை மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், எடையைக் குறைக்கச் சொன்னார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "நடக்கிறதை நிறுத்திடாதீங்க. நிறுத்தினா தசை கரையும், தசை கரைஞ்சா மூட்டு இன்னும் மோசமாகும். ஆனா களைச்சுப் போற வரைக்கும் நடக்க விடாதீங்க."

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் மாட்டிக்கொண்டேன். தேனுவுக்குப் பிடித்த இடம் வீட்டிலிருந்து 20 நிமிட நடையில் இருக்கும் ஒரு மரத்தோப்பு. அங்கே போனால் ஒவ்வொரு மரத்தடியையும் மோந்து பார்த்து முடிக்காமல் வரமாட்டாள். அவள் கால்களில் இருப்பதோ 10, 12 நிமிடம். பாதி வழியிலேயே உட்கார்ந்துவிடுவாள். அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பிய நாட்கள் உண்டு. மறுநாள் காலையில் அவள் எழுந்து நிற்கப் படும் பாட்டைப் பார்க்கும்போது, நேற்று ஏன் கூட்டிப் போனோம் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். கூட்டிப் போகாத நாட்களில் வாசல் கதவைப் பார்த்தபடி படுத்திருப்பாள். அதையும் பார்க்க முடியாது.

அதனால் ஸ்ட்ரோலர், அதாவது நாயை ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும் வண்டி. நாய்களுக்கான சக்கர நாற்காலி என்று ஒன்று இருக்கிறது; பின்னங்கால்களைத் தாங்கிக்கொள்ளும், நாய் முன்னங்கால்களால் நடந்து போகும். பின்பக்கம் செயலிழந்து முன்பக்கம் பலமாக இருக்கும் நாய்க்கு அது சரி. தேனுவால் நடக்க முடிகிறது, தூரம்தான் முடியவில்லை. அவளுக்கு வேண்டியது நடுவில் ஏறிப் படுத்துக்கொள்ள ஓர் இடம்.

முதலில் ஒரு நண்பரிடம் நாய் ஸ்ட்ரோலர் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். நான்கு சின்னப் பிளாஸ்டிக் சக்கரம், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்தான். வழவழப்பான தரையில் அழகாக ஓடியது. தெருவில் இறங்கியதும் ஒவ்வொரு சிறு கல்லும் கைப்பிடி வரை தெரிந்தது. என் மணிக்கட்டுக்கே அந்த அதிர்ச்சி தெரிந்தால், தேய்ந்த மூட்டோடு உள்ளே இருப்பவளுக்கு எப்படி இருக்கும்? அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி ஏறும், பெரிய சக்கரம் அதே பள்ளத்தின் மேலேயே உருண்டு போய்விடும். கரடுமுரடான வழியில் நாயைக் கொண்டுபோவதாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்தின் அளவும், அது காற்றடிக்கும் டயரா என்பதும்தான். கூரை, பை, கோப்பை வைக்கும் இடம் எல்லாம் அதற்கப்புறம்.

வாங்கும் முன் தேனுவை அளந்தேன். நெஞ்சின் முன்பக்கத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரை 62 செ.மீ. படுத்திருக்கும்போது கால்களோடு சேர்த்து அகலம் 50க்குக் கொஞ்சம் மேல். உட்கார்ந்தால் தலை வரை உயரம் 66. நிற்கும் நாயை மட்டும் அளந்து வாங்கினால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் மூட்டு வலி உள்ள நாய் பல நேரம் சுருண்டு படுக்காது, காலை நீட்டித்தான் படுக்கும். ஒற்றைக் குழந்தை ஸ்ட்ரோலர் எதுவும் அகலம் போதவில்லை. கடைசியில் கிடைத்தது, இரண்டு குழந்தைகள் உட்காரும் பழைய சைக்கிள் டிரெய்லர், சைக்கிளுக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வண்டி. சைக்கிளிலிருந்து கழற்றி, முன்னால் ஒரு சின்னச் சக்கரமும் பின்னால் கைப்பிடியும் மாட்டினால் ஸ்ட்ரோலர் ஆகிவிடும். பின் சக்கரங்கள் 20 அங்குலம், காற்று டயர். தளம் தரையிலிருந்து 24 செ.மீ. உயரத்தில்தான். தாங்கும் எடை 40 கிலோ என்று சட்டத்தில் ஒட்டியிருந்தது. துணி வெளுத்திருந்தது, ஒரு டயரில் காற்றே இல்லை, இடது சக்கரம் சுற்றினால் கரகரத்தது. பரவாயில்லை, இதெல்லாம் சரிசெய்யக்கூடியதுதான்.

குழந்தை இருக்கையைக் கழற்றினேன். அது துணித் தொட்டில் மாதிரி, மேல் கம்பியிலிருந்து பட்டைகளில் தொங்குகிறது. பட்டைகளைப் பிரித்தால் வந்துவிடும். இங்கே ஒரு எச்சரிக்கை: இருக்கைக்குப் பின்னால் போகும் குறுக்குக் கம்பி இடத்தை அடைக்கிறது என்று அதையும் எடுத்துவிடத் தோன்றும். எடுக்காதீர்கள். பக்கச் சட்டங்கள் விரியாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். பெல்ட்டுகள் சட்டத்தில் மாட்டியிருந்த வளையங்களையும் அப்படியே விட்டுவைத்தேன்.

துணியைத் துவைத்துக் காயவைத்து, பஞ்சர் ஒட்டி, உள்ளே அவளுடைய பழைய போர்வையை விரித்து, தேனுவைத் தூக்கி உட்காரவைத்துத் தள்ளினேன்.

அது தப்பாகப் போயிற்று. உட்காரவே இல்லை. நான்கு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு நின்றாள். வாயை ஓயாமல் நக்கினாள், காது பின்னால் போயிருந்தது, வெயில் இல்லாத நேரத்தில் மூச்சு இரைத்தாள். வீட்டைச் சுற்றி ஒரு தரம் தள்ளுவதற்குள் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. வண்டி என்றால் பயம் போலிருக்கிறது என்று நினைத்து இறக்கிவிட்டேன்.

அன்று இரவு யோசித்துப் பார்த்ததில் ஒன்று உறுத்தியது. பயந்தால் ஓரமாக ஒடுங்குவாள், அல்லது வெளியே குதிக்கப் பார்ப்பாள். அன்று இரண்டையும் செய்யவில்லை. நின்றாள், அவ்வளவுதான். மறுநாள் பிரேக் போட்டு, வண்டி துளியும் நகராமல் வைத்துவிட்டு, அவளை ஏற்றித் தொடையில் கை வைத்துப் பார்த்தேன். தசை கல் மாதிரி இருந்தது. வண்டி ஓடவில்லை, ஆனாலும் அவள் முழு பலத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அடுத்து என் கையைத் தளத்தில் ஊன்றிப் பார்த்தேன். துணித் தளம் நடுவில் குழிந்து கை உள்ளே போயிற்று. விஷயம் அதுதான்! எந்தப் பக்கம் எடையை மாற்றினாலும் தளம் சரிகிறது, அதைச் சமாளிக்க அவள் ஒவ்வொரு நொடியும் பின்னங்காலால் ஊன்றிக்கொள்கிறாள். ஓய்வெடுக்க ஏற்றிவிட்டு, நடப்பதைவிட அதிகமாக அந்த மூட்டுகளை வேலை வாங்கியிருக்கிறேன். அலமாரித் தட்டு ஒன்றை உருவிக்கொண்டு வந்து தளத்தில் போட்டு, மேலே போர்வையை விரித்து மறுபடி ஏற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, படுத்துவிட்டாள். முகவாயைத் தட்டின் விளிம்பில் வைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதனால் இந்தப் பதிவில் யாராவது ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால், தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வரும் நாய் ஸ்ட்ரோலர்களிலும் பலவற்றில் அடியில் துணியும் மெல்லிய அட்டையும்தான் இருக்கின்றன. நாய் "வண்டியை வெறுக்கிறது" என்று முடிவு கட்டும் முன் உங்கள் கையை ஊன்றிப் பாருங்கள்.

இனி பலகை வேலை. முதலில் அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்ளே வைத்து ஓரங்களை வெட்டி வெட்டி அச்சு எடுத்தேன். சட்டம் முன்பக்கம் கொஞ்சம் குறுகுகிறது. அளவுகோலை நம்பி நேராகப் பலகையை அறுத்திருந்தால் வீணாகியிருக்கும். அட்டை சரியாகப் பொருந்தியதும் அதை ப்ளைவுட் மேல் வைத்து வரைந்தேன். 72 செ.மீ. நீளம், 58 அகலம். கையில் இருந்தது 6 மி.மீ. ப்ளைவுட். அதை இரண்டு பக்கச் சட்டங்களின் மேல் வைத்து, நடுவில் 20 கிலோ மணல் மூட்டை வைத்துப் பார்த்தேன். ஒன்றரை செ.மீ. தொய்ந்தது. 9 மி.மீ. வாங்கினால் தொய்யாது, ஆனால் அந்த அளவுக்கு இரண்டே கால் கிலோ வரும். இருந்த பலகைக்கு அடியிலேயே, ஒரு பக்கச் சட்டத்திலிருந்து மறு பக்கச் சட்டத்துக்குக் குறுக்காக, இரண்டு ரீப்பர் கட்டைகளைப் பசை வைத்துத் திருகாணி போட்டேன். 4 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம். தொய்வு போயே போய்விட்டது. எடையும் இரண்டு கிலோவுக்குள் நின்றது. ரீப்பர்களின் நுனியைச் சட்டத்துக்குச் சற்று உள்ளே நிற்கும்படி அறுத்தேன். இப்போது பலகை பக்கவாட்டில் நகரப் பார்த்தால் ரீப்பர் நுனி சட்டத்தில் முட்டி நிற்கும். இதைத் திட்டமிட்டேன் என்று சொல்லமாட்டேன், அறுத்து வைத்த பிறகுதான் தெரிந்தது.

திருகாணி நுனி மேலே எட்டிப் பார்க்கிறதா என்று உள்ளங்கையால் முழுப் பலகையையும் தடவிப் பாருங்கள். எனக்கு ஒன்று அரை மி.மீ. வந்திருந்தது, அரத்தால் ராவினேன். மூலைகளை ஒரு கிண்ணத்தை வைத்து வட்டமாக வரைந்து அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வயதான நாய், சில நேரம் சிறுநீர் கசியும், அதனால் இரண்டு கை வார்னிஷ் அடித்தேன். வார்னிஷ் காய்ந்தாலும் வாடை போக நாளாகும். நம் மூக்குக்குப் போய்விட்டது என்று தோன்றிய பிறகும் இரண்டு நாள் காற்றில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போட்டேன். மூடிய இடத்துக்குள் அவள் மூக்கோடு அது இருக்கப்போகிறது இல்லையா. பலகையைச் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கவில்லை. நான்கு இடத்தில் நீளவாக்கில் துளை போட்டு நைலான் பட்டையும் பக்கிளும் மாட்டினேன். கழுவ வேண்டுமென்றால் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும்.

பலகைக்கு மேல் ஒரு பழைய யோகா விரிப்பு, வழுக்காமல் இருக்க. அதன் மேல் 5 செ.மீ. கெட்டி ஃபோம். முதலில் தலையணையிலிருந்து எடுத்த மெத்தென்ற ஃபோமைத்தான் போட்டேன். முழங்காலை ஊன்றினால் பலகை தட்டுப்பட்டது. அப்படித் தட்டுப்பட்டால் அந்த ஃபோம் உதவாது. அவளுடைய முழங்கை எலும்பும் இடுப்பு எலும்பும் அதே மாதிரி போய் இடிக்கும், நாளடைவில் அங்கே புண் வரும். ஃபோமுக்கு நீர் புகாத உறை, அதன் மேல் சொரசொரப்பான பருத்தித் துணி. முன் விளிம்பில் ஒரு துண்டைச் சுருட்டித் தைத்து வைத்தேன், முகவாய் வைக்க.

அடுத்து கட்டும் பட்டை. இதில் ஒரு தரம் நெஞ்சு நின்றுவிட்டது. ஒரே பட்டை, கொஞ்சம் நீளமாக விட்டிருந்தேன், திரும்பிப் படுக்க வசதியாக இருக்கட்டும் என்று. நான்காம் நாள் ஒரு பூனை குறுக்கே ஓட, தேனு எழுந்து முன்னங்கால்கள் இரண்டையும் விளிம்புக்கு வெளியே போட்டுவிட்டாள். நான் பிடித்துவிட்டேன். பிடிக்காவிட்டால் பின்பக்கம் உள்ளேயும் முன்பக்கம் வெளியேயுமாகத் தொங்கியிருப்பாள். இப்போது இரண்டு பட்டை, பக்கத்துக்கு ஒன்று, 22 செ.மீ. நீளம். படுக்கலாம், உட்காரலாம், தலையை நீட்டலாம், காலை விளிம்புக்கு மேல் தூக்க முடியாது. மார்புப் பட்டையில்தான் மாட்ட வேண்டும், கழுத்துப் பட்டையில் மாட்டவே கூடாது. குதித்தால் முழு எடையும் கழுத்தில் இறங்கும். மறுமுனை பழைய குழந்தை பெல்ட் வளையத்தில், அதாவது இரும்புச் சட்டத்தில். துணியிலோ பலகையிலோ மாட்டினால் ஒருநாள் கிழிந்தோ பிடுங்கிக்கொண்டோ வரும்.

எடை எங்கே நிற்கிறது என்பது நான் எதிர்பார்க்காத சிக்கல். இந்த டிரெய்லரின் சக்கர அச்சு, இருக்கையில் உட்காரும் குழந்தைகளை மனதில் வைத்துப் போடப்பட்டது. தேனு பின்பக்கம் போய் உட்கார்ந்தால் முன்சக்கரம் தரையிலிருந்து எழும்பப் பார்த்தது. குளியலறை எடைப்பொறியை முன்சக்கரத்துக்குக் கீழே வைத்தேன், பின் சக்கரங்களுக்கு அடியில் அதே உயரத்துக்குக் கட்டை. அவள் நடுவில் படுத்திருந்தபோது முன்சக்கரத்தில் 6 கிலோ, பின்னால் உட்கார்ந்தபோது ஒன்றே ஒன்று. நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்கள் பக்கம் இருக்கும். அதனால் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் கணக்கில் வரும். அவள் பின்னால் திரும்பி என்னைப் பார்த்துப் படுத்தால் எடையும் பின்னால் வரும். படுக்கையின் பின்பக்கம் 8 செ.மீ. கனத்துக்கு ஃபோம் கட்டை ஒன்றை வைத்து அவளை முன்னால் தள்ளினேன். இப்போது எப்படி உட்கார்ந்தாலும் 4 கிலோவுக்குக் குறைவதில்லை. கைப்பிடியில் பை மாட்டும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன், அது பின்பக்கம் இழுக்கும்.

வண்டி இடது பக்கம் இழுத்தது. இழுக்கிறது என்றால் முதலில் காற்றைப் பாருங்கள், எந்தப் பக்க டயரில் காற்று குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். அதைச் சமன் செய்தபின் இழுப்பு பாதியானது. மிச்சப் பாதி, இடது சக்கரத்தின் கரகரப்பு. கழற்றிப் பார்த்தால் பேரிங்கில் கிரீஸ் காய்ந்து களிமண் மாதிரி ஆகியிருந்தது. குண்டுகளை ஒரு கிண்ணத்தில் எண்ணிப் போட்டுக்கொண்டேன், மண்ணெண்ணெயில் கழுவினேன், குண்டுகள் உருளும் கப்பைத் துடைத்துப் பார்த்தேன். பள்ளம் விழவில்லை. புது கிரீஸை நிறைய அப்பி, குண்டுகளைப் பதித்து, அவற்றை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டான கோனை இறுக்கினேன். ரொம்ப இறுக்கினால் சக்கரம் கனக்கும், தளர்வாக விட்டால் பக்கவாட்டில் ஆடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி உண்டு, கால் திருப்பு கால் திருப்பாகத் தேடிப் பிடிக்க வேண்டும். எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் போதாதா என்றால், சத்தம் ஒரு வாரம் அடங்கும், உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்ச கிரீஸையும் அது கரைத்துக்கொண்டு போய்விடும். முன்சக்கரம் வேகமாகத் தள்ளும்போது படபடவென்று உதறியது. அது சுழலும் தண்டின் நட்டை லேசாக இறுக்கியதில் நின்றது.

டயர் காற்றைப் பற்றி இன்னொரு வார்த்தை. டயரின் பக்கவாட்டில் குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். என் டயரில் 30 முதல் 50 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு). அதிகபட்சம் அடித்தால் உருளச் சுலபம், ஆனால் ஒவ்வொரு கல்லும் உள்ளே தெரியும். மொத்தச் சுமை 35 கிலோகூட இல்லை, அதனால் 32இல் வைத்திருக்கிறேன். தள்ளக் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஏறுவதற்குச் சரிவுப் பலகை செய்தேன். 24 செ.மீ. உயரத்துக்கு 80 செ.மீ. நீளப் பலகை வைத்தால் சரிவு 17, 18 பாகைக்குள் வரும். மேலே வழுக்காத விரிப்பு ஒட்டினேன், பிரேக் போட்டு முன்சக்கரத்துக்கும் ஒரு கட்டை வைத்தேன். ஏறுவது இரண்டே நாளில் பழகிவிட்டது. இறங்கும்போது பின்பக்கம் அவளைத் தள்ளிக்கொண்டு வருகிறது, முன்னங்கால் சறுக்குகிறது. அதனால் இறக்குவது என் வேலை. ஒரு கை நெஞ்சுக்கு முன்னால், இன்னொரு கை தொடைகளுக்குப் பின்னால், முதுகு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் முழு எடையும் தோள்களில் இறங்கும், பின்பக்கம் தாங்கலில்லாமல் தொங்கும்.

பழக்குவதை மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அந்த முதல் நாள் அனுபவம் அவள் மனசில் இருக்குமே. மூன்று நாள் புதுப் படுக்கையை மட்டும் வீட்டுக்குள் தரையில் போட்டேன். அப்புறம், இந்த டிரெய்லரில் மூன்று சக்கரமும் கழன்று வரும் என்பது பெரிய உதவி. சக்கரம் இல்லாமல் வெறும் கூண்டைத் தரையில் வைத்துப் படுக்கையை உள்ளே போட்டேன். அது ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். அவளே போய்ப் படுத்தாள். உள்ளே இருக்கும்போது மட்டும் அவளுக்கு மிகவும் பிடித்த தீனி. ஆறாம் நாள் சக்கரம் மாட்டி, பிரேக் போட்டு வைத்தேன். ஏழாம் நாள் ஒரு சாண் தள்ளி நிறுத்தித் தீனி, மறுபடி ஒரு சாண். ஒன்பதாம் நாள் தெருக்கோடி வரை போய்த் திரும்பினோம். வாயை நக்கவில்லை, கொட்டாவி விடவில்லை, தசை தளர்வாக இருந்தது. அவசரப்பட்டிருந்தால் இது நடந்திருக்காது.

வெப்பம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நாய் உடம்பைக் குளிர்விப்பது பெரும்பாலும் மூச்சிரைப்பதால்தான், அதற்குக் காற்றோட்டம் வேண்டும். வலைச் சன்னல் எல்லாம் திறந்திருந்தாலும் நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குள் காற்று தேங்கும். மழைக்குப் போடும் பிளாஸ்டிக் உறையைப் போட்டு, நாய் இல்லாமல், ஒரு வெப்பமானியை மட்டும் வைத்து வெயிலில் கால் மணி நேரம் விட்டேன். வெளியே 27 பாகை, உள்ளே 36. அன்றிலிருந்து மழை நின்ற கணமே உறையைக் கழற்றிவிடுகிறேன். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இடைவெளி அவ்வளவு கொஞ்சம்தான். தரையோடு தாழ்ந்த வண்டி என்பதால் தார்ச்சாலையின் சூடும் உள்ளே ஏறும். புறங்கையைச் சாலையில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் அன்று கிளம்புவதில்லை. குளிர் நாளில் இதற்கு நேர்மாறு: நான் நடந்து சூடாக இருக்கிறேன், அவள் அசையாமல் காற்றில் படுத்திருக்கிறாள், மூட்டு விறைத்துக்கொள்கிறது. அதற்கு ஒரு போர்வை எப்போதும் உள்ளே இருக்கும்.

நடையை எப்படிப் பிரிப்பது என்பதற்கு ஒரு நோட்டு போட்டேன். எத்தனை நிமிடம் நடந்தாள், எத்தனை நிமிடம் வண்டியில், மறுநாள் காலை எழுந்தபின் விறைப்பு விட எவ்வளவு நேரம். இரண்டே வாரத்தில் தெளிவாகத் தெரிந்தது. தொடர்ந்து 15 நிமிடம் நடந்த நாளுக்கு மறுநாள் காலை மோசம். 8 நிமிடம் நடந்து, 15 நிமிடம் வண்டியில் போய், தோப்பில் 8 நிமிடம் மோந்து திரிந்த நாளுக்கு மறுநாள் ஒன்றுமே இல்லை. மொத்த நடை ஒரு நிமிடம் கூடுதல்தான், ஆனால் நடுவில் ஓய்வு. இதை மருத்துவரிடம் காட்டினேன். இப்படியே மெதுவாகக் கூட்டலாம் என்றார்.

இதில் நான் கற்றுக்கொண்டது, அவள் உட்காரும் வரை காத்திருக்கக் கூடாது. உட்காருவது கடைசி அறிகுறி. அதற்கு முன்பே வலது பின்னங்கால் நகம் தரையில் உரசும் சத்தம் கேட்கும். அடி குட்டையாகும். இரண்டு பின்னங்காலையும் சேர்த்து முயல் மாதிரி வைப்பாள். நகம் உரசும் சத்தம் கேட்டதுமே வண்டியை நிறுத்திப் பலகையைச் சாய்த்துவிடுகிறேன். வண்டியில் ஏறிவிட்டால் அப்படியே விட்டுவிடவும் முடியாது. 20 நிமிடத்துக்கு மேல் ஒரே நிலையில் படுத்தாலும் மூட்டு பிடித்துக்கொள்ளும். இறக்கி ஒரு மரத்தடியை மோக்கவிட்டு மறுபடி ஏற்றுவேன்.

வண்டி வந்ததால் சில விஷயங்கள் கண்ணில் படாமல் போகக்கூடும், அதனால் எழுதி வைக்கிறேன். நாளுக்கு நாள் கொஞ்சமாக நடை குறைவது வேறு. திடீரென்று காலை இழுத்து நடப்பது, பாதம் மடங்கிப் புறம் தரையில் படுவது, முதுகைத் தொட்டால் கத்துவது என்றால் அது தண்டுவடப் பிரச்சினையாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கொஞ்ச தூரத்திலேயே இருமல், மயக்கம் என்றால் இதயப் பிரச்சினையாக இருக்கலாம். தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று வாரம் ஒருமுறை எண்ணுகிறேன். 30க்கு மேல் தொடர்ந்து போனால் காட்ட வேண்டும். தேனுவுக்கு 18, 20. நாம் சாப்பிடும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. இபுப்ரோஃபென், பாரசிட்டமால் இரண்டும் அவர்களுக்கு விஷம். எடை 18லிருந்து 16.8 ஆகியிருக்கிறது, தீனியை அளந்து போட ஆரம்பித்ததால். பருமனான நாய்களின் எடை 6 சதவீதம் போல் குறைந்தாலே நொண்டல் குறைவதாக ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். தேனு விஷயத்தில் எது மாத்திரை, எது எடை, எது வண்டி என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, மூன்றும் ஒன்றாகத்தான் நடந்தன.

தெருவில் சிலர் நிறுத்தி, "பாவம், நடக்கவே முடியாதா?" என்பார்கள். நடப்பாள் என்று சொல்லி, சில நேரம் அங்கேயே இறக்கிவிடுவேன். குழந்தைகள் வண்டிக்குள் கை விடப் பார்த்தால் மட்டும் தடுக்கிறேன். பட்டை மாட்டியிருக்கும் நாயால் விலகிப் போக முடியாது, அதனால் யார் தொடலாம் என்பதை அவள் சார்பில் நான்தான் சொல்ல வேண்டும்.

நேற்றைய கணக்கு, நிமிடத்தில்: நடை 9, வண்டி 16, தோப்பில் நடை 11, திரும்பும்போது வண்டி 18, தெருமுனையிலிருந்து வீடு வரை நடை 3. தோப்பின் கடைசியில் இருக்கும் பெரிய மரம் வரை போனாள். அங்கே அவள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேரைச் சுற்றி நான்கு தரம் மோந்தாள், நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இன்று காலை மூன்றாவது நிமிடத்தில் விறைப்பு விட்டுவிட்டது, நோட்டில் எழுதியாயிற்று.

வலது சக்கரமும் இப்போது லேசாகக் கரகரக்கிறது. கிரீஸ் மிச்சம் இருக்கிறது, நாளை மதியம் அவள் தூங்கும்போது கழற்ற வேண்டும்.